தங்கம் காந்தத்தில் ஒட்டாதே!

எழுபது வயதுள்ள அம்மா ஒருவர், கழுத்து முள்ளந்தண்டை எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதற்காக மகளுடன் ஆஸ்பத்திரிக்குச் செல்கிறார். தோடு, காப்பு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிச் சிறு பையில் போட்டாயிற்று. கழுத்தில் தாலிக்கொடி மட்டும் இருக்கிறது. படம் எடுக்கும் பெண் அதையும் கழற்ற வேண்டும் என்கிறார். அம்மாவின் கை தானாகவே கழுத்துக்குப் போகிறது.

"பிள்ளை, இது தங்கமெல்லே? தங்கம் காந்தத்திலை ஒட்டாது. பிறகேன் கழட்டச் சொல்லுறா?"

"எனக்கும் விளங்கேல்லை அம்மா. ஆனா கழட்டாட்டி படம் எடுக்க மாட்டினமாம்."

இக்காட்சி பல தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமானதுதான். சிலர் மனக்குறையோடு கழற்றிக் கொடுக்கிறார்கள். சிலர் "இன்னொரு நாள் பார்ப்போம்" என்று திரும்பி விடுகிறார்கள். அந்த இன்னொரு நாள் வருவதற்குள் நோய் முற்றிவிடலாம். அங்கிக்குள் மறைத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைப்பவர்களும் இல்லாமல் இல்லை. வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது, படம் எடுப்பவருக்கு நின்று விளக்கம் சொல்ல நேரம் கிடைப்பதில்லை.

அம்மா கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி. அவர் சொன்னது முழுவதும் சரி. தங்கம் காந்தத்தில் ஒட்டாது. கழற்றச் சொன்னதும் சரி. இரண்டும் எப்படி ஒன்றாகச் சரியாகும் என்பதை அறிய, காந்தத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவை அறிய வேண்டும். அந்த உறவு மனிதருக்குத் தெரியவந்து இரண்டு நூற்றாண்டுகள்தான் ஆகின்றன.

காந்தக்கல் மிகப் பழையது. இரும்பை இழுக்கும் அந்தக் கரிய கல்லைச் சீனரும் கிரேக்கரும் இந்தியரும் முன்பே அறிந்திருந்தனர். ஆனால் அதைப் பற்றிய கதைகள்தான் உண்மையைவிட அதிகம். வெள்ளைப்பூடு சாற்றைப் பூசினால் காந்தம் வலுவிழந்துவிடும் என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். ஒரு பூட்டை உரசிப் பார்த்தால் தீர்ந்துவிடும் விஷயம். ஆனாலும் நூல்களில் எழுதியிருந்ததால் பலர் அப்படியே நம்பினார்கள். இதுபோன்ற கதைகளையெல்லாம் பரிசோதித்துத் தள்ளிவிட்டு, பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600ஆம் ஆண்டில் நூல் எழுதியவர் வில்லியம் கில்பர்ட். அவர் தொழிலால் வைத்தியர்; எலிசபெத் மகாராணியாருக்கே வைத்தியம் பார்த்தவர்.

கில்பர்ட் காந்தத்தையும் மின்சாரத்தையும் இரண்டு வேறு சக்திகள் என்றே பிரித்து வைத்தார். அம்பரை உரசினால் துரும்பை இழுப்பது ஒன்று, காந்தக்கல் இரும்பை இழுப்பது வேறொன்று. அவர் காலத்தில் அது நியாயமான முடிவே. உரசி உண்டாக்கும் மின்சாரம் ஒரு பொறியோடு முடிந்துவிடும். தொடர்ந்து ஓடும் மின்சாரம் அன்று எவரிடமும் இருக்கவில்லை. 1800இல் இத்தாலியரான வோல்ற்றா பற்றரியைச் செய்த பின்னர்தான் அது கிடைத்தது.

அதற்குப் பின்னும் இருபது வருடங்கள் சென்றன. 1820ஆம் ஆண்டு வசந்த காலத்தில், டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் பேராசிரியர் ஏர்ஸ்டெட் மாணவர்களுக்கு முன்னால் ஒரு கம்பியில் மின்னோட்டத்தைச் செலுத்தினார். பக்கத்தில் இருந்த திசைகாட்டியின் ஊசி சற்றே திரும்பியது. மின்னோட்டத்தை நிறுத்தியதும் ஊசி பழைய இடத்துக்கு வந்தது. அசைவு மிகச் சிறியது. சபையில் இருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏர்ஸ்டெட் பின்னர் வலுவான பற்றரியை வைத்து மீண்டும் மீண்டும் சோதித்து, அதே ஆண்டு யூலையில் நான்கு பக்கத்தில் உலகுக்கு அறிவித்தார். ஓடும் மின்சாரம் காந்தமாகிறது. செம்புக் கம்பியில் இரும்பு ஒரு துளியும் இல்லை. ஆயினும் அதில் மின்சாரம் ஓடும்வரை அதைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கிறது.

செப்டெம்பரில் பாரிஸ் நகரில் இந்தச் சோதனையைக் கண்ட அம்பியர் என்ற அறிஞர், ஒரு வாரத்துக்குள் அடுத்த படிக்குப் போய்விட்டார். மின்சாரம் ஓடும் இரண்டு கம்பிகளே ஒன்றையொன்று இழுக்கின்றன, தள்ளுகின்றன என்று அவர் காட்டினார். காந்தக்கல்லும் வேண்டாம், இரும்பும் வேண்டாம். கல்லில் உள்ள காந்தமும் கண்ணுக்குத் தெரியாத சிறு மின்னோட்டங்களால் ஆனதுதான் என்று அவர் ஊகித்தார். அந்த ஊகம் பெரும்பாலும் சரியே. அணுவுக்குள் இருக்கும் ஒவ்வொரு இலத்திரனும் ஒரு சின்னஞ்சிறு காந்தம். பெரும்பாலான பொருள்களில் அவை சோடி சோடியாக எதிர்த்திசையில் நின்று ஒன்றையொன்று இல்லாமல் செய்துவிடுகின்றன. இரும்பு, நிக்கல், கோபாற்று போன்ற சிலவற்றில் மாத்திரம் அவை ஊர்வலத்தில் போகிறவர்கள் போல ஒரே திசை பார்த்து நிற்கின்றன. தங்கத்தில் அவ்வாறு இல்லை. உண்மையில் தங்கத்தைக் காந்தம் இழுப்பதில்லை என்பது மட்டுமல்ல, மிகமிகச் சிறிதளவு தள்ளவும் செய்கிறது.

ஆகவே அம்மாவின் கட்சி இதுவரை வென்றே நிற்கிறது. எதிர்க்கட்சி வருவது லண்டனிலிருந்து.

மைக்கேல் பரடே கொல்லன் ஒருவரின் மகன். அதிகம் படிக்க வசதியில்லாமல், பதின்மூன்று பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலைக்குப் போனவர். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானம் கற்றவர். மின்சாரத்திலிருந்து காந்தம் வருமானால் காந்தத்திலிருந்து மின்சாரமும் வரவேண்டும் அல்லவா என்று அவரும் ஐரோப்பாவில் இன்னும் பலரும் தேடினார்கள். வலிய காந்தங்களைக் கம்பிச் சுருளுக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்றும் நிகழவில்லை.

ஜெனீவாவில் கொலடோன் என்பவர் செய்ததைக் கேட்டால் சிரிப்பும் வரும், பரிதாபமும் வரும். 1825இல் அவர் காந்தத்தைக் கம்பிச் சுருளுக்குள் நுழைத்தார். மின்சாரத்தைக் காட்டும் ஊசியைக் காந்தம் நேரே இழுத்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், அந்த ஊசியை அடுத்த அறையில் வைத்திருந்தார். காந்தத்தை நுழைத்துவிட்டு எழுந்து அடுத்த அறைக்குப் போய்ப் பார்த்தார். ஊசி அசையாமல் நின்றது. அது அசைந்து முடிந்த பிறகுதான் அவர் போய்ச் சேர்ந்தார். உதவிக்கு ஒரு பையனை அந்த அறையில் நிறுத்தியிருந்தால் பரடேயின் புகழ் அவருக்குப் போயிருக்கும்.

1831 ஓகஸ்ட் 29ஆம் திகதி பரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைத் தனித்தனியே சுற்றினார். ஒன்றைப் பற்றரியில் தொடுத்த அக்கணம், மற்றதோடு இணைந்த ஊசி துள்ளியது, பிறகு நின்றுவிட்டது. பற்றரியைக் கழற்றிய கணம் மறுபடி எதிர்ப்பக்கம் துள்ளியது. இடையில் மின்சாரம் எவ்வளவு நேரம் ஓடினாலும் அசைவே இல்லை. ஒக்டோபரில் வெறும் காந்தத்தை ஒரு சுருளுக்குள் தள்ளியும் இழுத்தும் பார்த்தார். தள்ளும்போதும் இழுக்கும்போதும் மாத்திரமே மின்சாரம் பிறந்தது. அசையாத காந்தம் எவ்வளவு வலியதாக இருந்தாலும் மின்சாரம் தராது. காந்தப்புலம் மாறவேண்டும். எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மின்சாரம் பிறக்கும். அந்த இரும்பு வளையம் இன்றும் லண்டன் அல்பமார்ல் வீதியிலுள்ள ரோயல் இன்ஸ்ரிரியூஷனில் பாதுகாக்கப்படுகிறது.

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இரவில் சைக்கிள் ஓடியவர்களுக்குப் பரடேயின் விதியைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. டயரில் உரசிச் சுழலும் டைனமோவுக்குள் இருப்பது ஒரு காந்தமும் ஒரு கம்பிச் சுருளுமே. வேகமாக மிதித்தால் விளக்குப் பிரகாசிக்கும். மெதுவாகப் போனால் மங்கும். பொலிஸ்காரரைக் கண்டு நின்றால் அணைந்துவிடும், அப்போதுதான் "விளக்கு எங்கே?" என்று அவர் கேட்பார். டைனமோவைச் சாய்த்ததும் மிதி கனத்துப்போவதும் நினைவிருக்கும். பிறக்கும் மின்சாரம் தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கிறது. ஒளி காலின் உழைப்பிலிருந்துதான் வருகிறது. 1950இல் இயங்கத் தொடங்கிய லக்சபான நீர்மின் நிலையமும் பெரிய அளவில் இதே டைனமோதான். அங்கே மிதிப்பது மலையிலிருந்து விழும் நீர்.

இனி ஆஸ்பத்திரி அறைக்குத் திரும்பலாம். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பெரிய காந்தம் கல்லோ இரும்போ அல்ல. ஏர்ஸ்டெட் காட்டிய வகைதான், மின்னோட்டத்தால் ஆன காந்தம். நயோபியமும் டைட்டேனியமும் கலந்த கம்பிச் சுருளை, திரவ ஹீலியத்தில் ஏறத்தாழ மைனஸ் 269 பாகை செல்சியஸ் வரை குளிரூட்டுகிறார்கள். அக்குளிரில் கம்பிக்கு மின்தடையே இல்லை. ஒருமுறை செலுத்திய மின்சாரம் பற்றரி இல்லாமல் வருடக் கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பொதுவாகப் பயன்படும் இயந்திரங்களின் வலிமை 1.5 டெஸ்லா, லண்டனில் பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறக்குறைய முப்பதாயிரம் மடங்கு.

வருடக் கணக்காகச் சுற்றும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. படம் எடுக்காதபோதும், இரவில் அறை பூட்டியிருக்கும்போதும் அந்தக் காந்தம் விழித்தே இருக்கிறது. விளக்குப்போல் ஆளியை அழுத்தி அணைக்க முடியாது. 2018இல் மும்பையில் ஓர் இளைஞர் நோயாளிக்கு உதவியாக ஒட்சிசன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அவ்வறைக்குள் போனார். சிலிண்டரோடு இழுக்கப்பட்டு உயிரிழந்தார். 2025 யூலையில் நியூயோர்க் மாநிலத்தில், மனைவிக்கு எழுந்திருக்கக் கைகொடுக்கப் போனவர், கழுத்தில் போட்டிருந்த உடற்பயிற்சிச் சங்கிலியோடு இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டு மறுநாள் இறந்தார். இருவருமே படம் எடுக்கப் போனவர்கள் அல்லர், கூடப் போனவர்கள். நம் குடும்பங்களில் நோயாளி ஒருவருக்குத் துணையாக நாலு பேர் போவது வழக்கம் ஆதலால், இதைத் துணைக்குப் போகிறவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

அது இரும்பின் கதை. தங்கத்துக்கு என்ன?

பெரிய காந்தம் மாறாமல் நிற்கிறது. அதனால் உடம்பில் உள்ள ஐதரசன் அணுக்களின் கருக்கள், அவையும் சிறு காந்தங்கள் ஆதலால், மெல்ல ஒரு திசைக்கு வருகின்றன. ஆனால் நிற்கும் காந்தத்திலிருந்து செய்தி எதுவும் கிடைக்காது. பரடே கண்டது அதுதானே. ஆகவே இரண்டாவதாக ஒரு காந்தப்புலத்தை வானொலி அலையாக உள்ளே அனுப்புகிறார்கள். 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அது செக்கனுக்கு ஏறத்தாழ ஆறு கோடியே நாற்பது இலட்சம் தடவை மாறிமாறி அடிக்கிறது. அதனால் அசைக்கப்பட்ட ஐதரசன் காந்தங்கள் சுழலும்போது, பக்கத்திலுள்ள கம்பிச் சுருளில் மிக நுண்ணிய மின்சாரம் பிறக்கிறது. சைக்கிள் டைனமோவைப் போலவே. அந்த மின்சாரத்தைக் கணக்கிட்டுத்தான் படம் வரைகிறார்கள்.

இப்போது அந்த வானொலி அலைக்கு நடுவே ஒரு தாலிக்கொடியை வைத்துப் பார்க்க வேண்டும். கழுத்தைச் சுற்றிய கொடி ஒரு மூடிய வளையம். தங்கம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கும் செம்புக்கும் அடுத்ததாக நிற்பது அதுவே. மாறும் காந்தப்புலத்துக்குள் ஒரு மூடிய உலோக வளையம் என்றால், பரடேயின் சோதனையைக் கழுத்திலேயே செய்வதாகும். கொடியில் மின்சாரம் ஓடலாம். கொடி சூடேறித் தோலைச் சுடலாம். வளையம் பெரிதாக இருந்தால் அதற்குள் அகப்படும் காந்தப்புலமும் அதிகம். அதனால்தான் சாதாரண கல்யாண மோதிரத்தைச் சில ஆஸ்பத்திரிகளில் விரலில் விட்டு வைக்கிறார்கள், சங்கிலியை விடுவதில்லை. சுடாவிட்டாலும், கழுத்தைப் படம் எடுக்கும்போது கழுத்தில் உலோகம் கிடந்தால் அந்த இடத்துப் படம் கெட்டுவிடும். பார்க்கப் போன இடமே தெரியாவிட்டால் எதற்காக அவ்வளவு தூரம் போவது?

இன்னொன்றும் உண்டு. அந்த அம்மா கொடியைக் கழற்றி மகளிடம் கொடுத்தபோது, அதில் இரண்டு சேப்டி பின்கள் கொளுவியிருந்தன. சேலைக்கு அவசரத்தில் உதவும் என்று பெண்கள் செய்வதுதான். அவை தங்கம் அல்ல, உருக்கு. சில கொடிகளின் கொழுக்கிக்குள் இருக்கும் சின்னச் சுருள்வில்லும் அப்படியே. தங்கம் ஒட்டாது என்ற வாதம் அந்த இடத்தில் முழுவதும் விழுந்துவிடுகிறது.

வளையம் உலோகத்தால்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. உடம்பும் மின்சாரத்தைக் கடத்தும். இயந்திரத்துக்குள் போனதும் பயத்தில் கைகளைக் கோத்துக்கொண்டோ கும்பிட்டுக்கொண்டோ படுக்கத் தோன்றும். இரு கைகளும் வெறும் தோலோடு சேர்ந்தால், தோளிலிருந்து விரல்வரை ஒரு மூடிய வளையம் உண்டாகிவிடும். தோல் தோலைத் தொடும் இடத்தில் சுட்டுப் புண்ணானவர்கள் உண்டு. கையைப் பிரித்து வைக்கச் சொல்வதும், தொடைகளுக்கிடையே மெத்தைத் துண்டு வைப்பதும் அதற்காகவே. மனத்துக்குள் தேவாரம் சொல்லத் தடை ஏதும் இல்லை; கைகள் பக்கத்தில் இருக்கட்டும். உள்ளே கேட்கும் தடதடவென்ற பெரிய சத்தமும் பயப்பட வேண்டியதல்ல. வேறு சில சுருள்களில் மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சும்போது பெரிய காந்தம் அவற்றை உதைக்கிறது. அம்பியர் கண்ட அந்தத் தள்ளல்தான் உடுக்கை அடிக்கிறது.

வீட்டிலும் பரடே இருக்கிறார். இண்டக்ஷன் அடுப்பில் நெருப்பும் இல்லை, சூடான கம்பியும் இல்லை. மாறும் காந்தப்புலம் சட்டியின் அடியில் மின்சாரத்தைப் பிறப்பிக்க, சட்டி தானே சூடாகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியப் பானை அதில் சூடாகாது. இரும்புச் சட்டி சூடாகும். கடையில் வாங்கும்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தைக் கொண்டுபோய் அடியில் ஒட்டிப் பார்த்தால் போதும். ஆனால் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அந்த அடுப்பிலிருந்து இரண்டு அடியாவது, அதாவது 60 சென்ரிமீற்றர், தள்ளி நிற்க வேண்டும். குனிந்து குழம்பை ருசி பார்க்கும் பழக்கத்தை அவர்கள் விடுவது நல்லது. பேஸ்மேக்கருக்குள் காந்தத்தை உணரும் ஒரு நுண்கருவி இருக்கிறது. வைத்தியர் வெளியிலிருந்து காந்தத்தை வைத்து அதன் போக்கை மாற்றிச் சோதிப்பதற்காக வைத்தது. அதற்கு வைத்தியரின் காந்தம் எது, சட்டைப் பையில் இருக்கும் கைத்தொலைபேசியின் காந்தம் எது என்று தெரியாது. 2020க்குப் பின் வந்த சில தொலைபேசிகளின் முதுகில் காந்த வளையம் உண்டு. அவற்றை நெஞ்சிலிருந்து 15 சென்ரிமீற்றராவது தள்ளியே வைக்க வேண்டும். மேற்சட்டைப் பை அதற்கு இடமல்ல.

காந்தக் காப்பு, காந்தச் செருப்பு என்று விற்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரத்தத்தில் இரும்பு இருப்பதால் காந்தம் அதை இழுத்து ஓட்டத்தைப் பெருக்கும் என்கிறார்கள். இரத்தத்தில் உள்ள இரும்பு ஆணியில் உள்ள இரும்பைப் போன்றதல்ல. 1936இல் போலிங், கோரியெல் என்ற இருவர் அளந்து பார்த்தார்கள்: ஒட்சிசன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் சிறிதே தள்ளுகிறது, ஒட்சிசன் இறங்கிய ஹீமோகுளோபினைச் சிறிதே இழுக்கிறது. இரண்டும் மிக நுண்ணிய அளவு. மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று எம்.ஆர்.ஐ. மூலம் பார்ப்பதற்கு இந்த வேறுபாடு உதவுகிறது, மூட்டுவலிக்கு உதவாது. 1.5 டெஸ்லா காந்தத்துக்குள் அரைமணி நேரம் கிடந்துவிட்டு வருபவருக்கு இரத்த ஓட்டத்தில் ஒன்றும் ஆவதில்லை. கையில் கட்டிய சிறு காந்தம் என்ன செய்துவிடும்? அந்தப் பணத்துக்கு நல்ல நடைச் சப்பாத்து வாங்கலாம்.

தாலியைக் கழற்றுவதில் மனம் ஒப்பாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. மஞ்சள் பூசிய நூலில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டிக்கொள்ளும் வழக்கம் தமிழரிடம் ஏற்கெனவே இருக்கிறது. உலர்ந்த பருத்தி நூல் மின்சாரத்தைக் கடத்தாது. மஞ்சள் துண்டைக் காந்தம் இழுக்காது. படம் எடுக்கும் திகதி வந்ததுமே ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் சொல்லி, அது சம்மதமா என்று கேட்டு வைத்தால், வாசலில் நின்று கலங்க வேண்டியதில்லை. வீட்டிலேயே ஆறுதலாக மாற்றிக் கட்டிக்கொண்டு போகலாம். கழற்ற முடியாமல் இறுகிப்போன மோதிரம் அல்லது மெட்டி, நெஞ்சில் பேஸ்மேக்கர், முன்பு பொருத்திய தகடு, இளமையில் இரும்புப் பட்டறையில் வேலை செய்தபோது கண்ணில் பட்ட சிராய், இவற்றையும் அதே தொலைபேசி அழைப்பில் சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் அட்டை இருந்தால் கையோடு கொண்டு போவது அவசியம். இப்போது வரும் பலவகைப் பேஸ்மேக்கர்களோடு தக்க ஏற்பாட்டுடன் படம் எடுக்க முடிகிறது, ஆனால் எந்த வகை என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். இடுப்பு அரைநாண், அதில் கோத்த வெள்ளித் தாயத்து, கொண்டைக்குள் மறைந்த ஊசி ஆகியவற்றைப் பிள்ளைகள் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளட்டும். பெரியவர்கள் அவற்றை நகையாக நினைப்பதில்லை. கேட்டால் "ஒண்டுமில்லை" என்றுதான் சொல்வார்கள்.